காரணம் எழுதாத கையேடு

தம்பிக்கு,

அலுவலகப் பிரிண்டர்களின் நெட்வொர்க் அமைப்பைப் பற்றி நீ எழுதியனுப்பிய கையேட்டை முதல் பக்கத்திலிருந்து அநுபந்தம் வரையில் நிதானமாக வாசித்தேன். ஐபி முகவரி, கேட்வே முதலியவற்றை நாம் இருவரும் மறுபடி பாராயணம் செய்ய வேண்டியதில்லையாகையால், நேரே என் மனஸ்தாபத்துக்கு வந்துவிடுகிறேன்.

‘பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டினால், போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி டிக்கை எடுத்துவிடவும்’ என்று ஒரே வரியில் கட்டளையிட்டுவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டாயே, அந்த ஒரு வரிதான் என்னை இக்கடிதம் எழுத உட்காரவைத்தது. விண்டோஸானது இந்த எஸ்என்எம்பியைக் கொண்டு 161ஆம் போர்ட் வழியாக, ‘பப்ளிக்’ என்னும் கம்யூனிட்டி பெயரைச் சொல்லிப் பிரிண்டரின் க்ஷேமத்தை விசாரிக்கிறது. பாதுகாப்பை உத்தேசித்து எவரோ அந்தப் பெயரைப் பிரிண்டரில் மாற்றியிருந்தாலும், எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகளை நிறுத்தியிருந்தாலும் பதில் வராது. பதில் வரவில்லை என்கிற ஒரே காரணத்தால், காகிதமும் டோனரும் நிரம்பி விழித்துக்கொண்டிருக்கிற யந்திரத்தை அது ஆஃப்லைன் என்று தீர்மானித்துவிடுகிறது. டிக்கை எடுத்தால் அச்சு நடக்கும், வாஸ்தவம். ஆனால் காகிதம் தீர்ந்ததென்ற சமாசாரமும் அதோடு வராமல் நின்றுவிடுமே! மாற்றிய பெயரைக் கணினியிலும் எழுதிவிடுவதல்லவா முறையான பரிகாரம்?

இதைவிட என்னை வருத்தியது புரோட்டோகால் பக்கம். ‘இவை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். வேண்டாதவற்றை மூடு என்பது என் பழைய பல்லவி என்று நம்மவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டெல்நெட் எவருக்காகத் திறந்திருக்கிறது? எஃப்டிபி வழியாக உங்கள் அலுவலகத்தில் அச்சடிப்பவர் யார்? ஆப்பிள் கம்பெனியே 2009இல் கைவிட்டுவிட்ட ஆப்பிள்டாக், உங்கள் கணக்குப் பிரிவு யந்திரத்தில் இன்னும் யாரைக் கூவி அழைத்துக்கொண்டிருக்கிறது? 9100ஆம் போர்ட்டோ, வந்தவர் யாரென்று கேட்கும் வழக்கமே இல்லாதது. வந்த பைட்டுகளை வந்தபடியே காகிதத்தில் இறக்கிவிடும். வலையைச் சோதிக்கும் என்மேப் என்னும் கருவி, சேவைகளை இனங்காணும் வேளையில் 9100 முதல் 9107 வரையுள்ள போர்ட்டுகளைத் தானாகவே தவிர்த்துச் செல்வதற்கு, கேட்ட கேள்வியையே சில பிரிண்டர்கள் அச்சடித்துத் தள்ளிவிடும் என்பதுதான் ஹேது. 2018 நவம்பரில், இணையத்துக்குத் திறந்து கிடந்த பல்லாயிரம் பிரிண்டர்களில், பியூடிபை என்கிற யூடியூப்காரருக்கு ஆதரவு கேட்கும் பிரசுரமொன்றை யாரோ ஒருவர் அச்சடிக்கவைத்ததும் இந்த வழியில்தான். ஆகவே 9100 வேண்டுமென்றால் பிரிண்ட் சர்வரின் முகவரிக்கு மட்டும் அதை அநுமதி. யாரென்று விசாரிக்கவும் சங்கேதமாகப் பேசவும் தெரிந்த ஐபிபி, 631இல் இருக்கட்டும். ஐபோன்காரர்கள் இருந்தால் போன்ஜூரும் இருக்கட்டும். மற்றவற்றை மூடு, மூடியதற்கும் விட்டதற்கும் பக்கத்திலேயே காரணத்தை எழுது.

காரணம் கேட்கும் இந்தப் பித்து எனக்கு வந்த கதையைக் கேள். நான் இத்தொழிலுக்கு வந்தபோது நெட்வேரின் ராஜ்யம். அதன் ஐபிஎக்ஸில் முகவரி எழுதும் சிரமமே கிடையாது. பிறகு டிசிபி/ஐபி வந்தது. அக்காலத்துப் பிரிண்டரின் ஜெட்டைரக்ட் நெட்வொர்க் அட்டை, முகவரி கொடுப்பார் இல்லாவிடில் 192.0.0.192 என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேக் எண்ணுக்கு எதிரே நாம் விரும்பிய முகவரியை ‘ஆர்ப்’ கட்டளையால் நம் கணினியில் எழுதிக்கொண்டு, ‘பிங்’ அனுப்பினால், வந்த பாக்கெட்டில் உள்ள முகவரியே தன்னுடையதென்று அது சாதுவாக ஏற்றுக்கொள்ளும். எனக்கு வேலை கற்பித்த பெரியவர், இந்த வித்தையை நான் முதன்முதலில் செய்து காட்டிய அன்று, அது ஏன் ஏற்றுக்கொண்டதென்று சொன்னாலொழிய டீ கிடையாது என்று நிறுத்திவிட்டார். அன்று டீ ஆறிப்போயிற்று. அவர் இருந்திருந்தால் உன் டிக் வரியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால் ஸ்கேன் அத்தியாயம் இருக்கிறதே, அதை எழுதிய கைக்குத் தங்கக் காப்பே போடலாம். ஸ்கேன் செய்யும் அந்த யந்திரம், கோப்புகளை அனுப்பும் எஸ்எம்பியின் முதற்பதிப்பு மட்டுமே பேசும், புதிய விண்டோஸ் அதை ஏற்காது என்று கண்ட மாத்திரத்தில், ஊரெல்லாம் செய்வதுபோல் ஒவ்வொரு கணினியிலும் அப்பழைய பதிப்பை உயிர்ப்பித்துவிடாமல், 2017இல் வானாக்ரை என்னும் கணினிக் கிருமி எந்த ஓட்டையால் பரவியது என்பதை எடுத்துக்காட்டி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து இரண்டாம் பதிப்புக்கு யந்திரத்தையே உயர்த்தினாய் பார், அபாரம்! அந்த நான்கு பக்கங்களுக்கு ஈடாக இத்துறையில் தமிழில் நான் எதையும் வாசித்ததில்லை. அங்கே காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கு மற்ற இடங்களில் என்ன அவசரமோ?

இன்னொன்று. கணக்குப் பிரிவு யந்திரத்தின் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அநுபந்தத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறாய். முகவரி 192.168.1.40, சப்நெட் மாஸ்க் 255.255.0.0. மேல்மாடிக் கணினிகளோ 192.168.2 வரிசையில் இருக்கின்றன. அவை அனுப்பும் பாக்கெட் கேட்வே வழியாக ஒழுங்காக வந்து சேர்கிறது. பதில் சொல்ல வேண்டிய பிரிண்டரோ, அந்த மாஸ்க்கை நம்பி அவர்களும் தன் தளத்திலேயே இருப்பதாக எண்ணி, கேட்வேயை நாடாமல் இங்கேயே தேடிக்கொண்டிருக்கிறது. மேல்மாடியில் அச்சு வராததற்குக் கேபிள் பழுதென்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, புதுக் கேபிளுக்குப் போட்ட இண்டெண்டைச் சற்று நிறுத்திவை, மாஸ்க்கை 255.255.255.0 என்று திருத்திவிட்டு, மேலேயிருந்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்து எழுது.

ஆசிகளுடன்,
பழைய மெயின்டனன்ஸ்காரன்