ஒரே ஆள், இரண்டு வரி: இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்துக் கடைசிப் பதிவை எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வல்லத்திராக்கோட்டையில் பிறந்த ஒருவர் பதினெட்டு வயதானதும் ஊரிலேயே வாக்காளராகப் பெயர் சேர்க்கிறார். பிறகு வேலைக்காகத் திருப்பூர் போகிறார். இடம் மாறியவர் கொடுக்க வேண்டியது படிவம் 8. அது தெரியாமல், புதிதாகச் சேர்பவருக்கான படிவம் 6-ஐ அங்கே கொடுத்துவிடுகிறார். ஊர்ப் பட்டியலில் பழைய பெயர் அப்படியே இருக்க, திருப்பூரிலும் பெயர் ஏறிவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் இரண்டு வரிகளாகிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19-ல் வந்தது. சுமார் 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன. நீக்கப்பட்ட சுமார் 97 லட்சத்தில் இறந்தவர்களும் இடம் மாறியவர்களுமே பெரும்பகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவை என்று சொல்லப்பட்டவை சுமார் 3.39 லட்சம். இத்தனை பெயர்களுக்குள் இரட்டைப் பதிவை எப்படித் தேடுவது? அதே வேலையை ஒரு சிறிய பட்டியலில் எஸ்க்யூஎல் கொண்டு நாம் சேர்ந்து செய்துபார்ப்போம். சங்க உறுப்பினர் பட்டியல், நூலக வாசகர் பட்டியல், புயல் நிவாரணப் பட்டியல் என்று எதற்கும் இதே வழிதான்.

எஸ்க்யூஎல் என்றால் என்ன?

டேபிள்களில் இருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் மொழி. ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த யோசனை இது. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் அதற்கு மொழி வடிவம் கொடுத்தார்கள். நாம் எழுதும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு குவெரி. எப்படித் தேடுவது என்று கணினிக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்குள் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டார். உரிமக் கட்டணம் எதுவும் இல்லாத பொதுச் சொத்து அது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணினியும் புதிதாக இருக்க வேண்டியதில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப் வீட்டில் இருந்து, இன்னும் ஓடுகிறது என்றால் அதுவே போதும். நிறுவிய பிறகு இணையமும் தேவையில்லை. பிரவுசிங் சென்டரில்தான் செய்ய முடியும் என்பவர்கள் பென் டிரைவில் வைத்து ஓட்டும் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிறருடைய பெயரும் பிறந்த தேதியும் உள்ள பட்டியலை அந்தக் கணினியில் விட்டுவிட்டு வரக் கூடாது. நேரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாராளம்.

எதில் பழகுவது?

உண்மையான வாக்காளர் பட்டியலில் வேண்டாம். கற்பனைப் பெயர்களோடு ஏழு வரிகள் போதும். எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸிலோ தட்டி, சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சிதையாது.

எண் | பெயர் | தந்தை | பிறந்த_தேதி | ஊர் | பதிவு_தேதி
1 | முருகேசன் | கருப்பையா | 1988-05-12 | வல்லத்திராக்கோட்டை | 2009-01-20
2 | முருகேசன் | கருப்பையா | 1988-05-12 | திருப்பூர் | 2021-03-18
3 | செல்வி | சின்னையா | 1992-11-03 | வல்லத்திராக்கோட்டை | 2013-01-10
4 | செல்வி | சின்னையா | 1992-11-03 | ஆலங்குடி | 2016-09-27
5 | செல்வி | சின்னையா | 1992-11-03 | புதுக்கோட்டை | 2024-01-22
6 | அடைக்கலம் | வீரையா | 1975-07-01 | வல்லத்திராக்கோட்டை | 2009-01-20
7 | முருகேசன் | கருப்பையா | 1979-02-08 | வல்லத்திராக்கோட்டை | 2009-01-20

டிபி பிரவுசரைத் திறந்து புதிய டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, இம்போர்ட் வழியாக இந்தக் கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். டேபிளுக்கு வாக்காளர் என்று பெயர் வைப்போம். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம், எஸ்க்யூலைட் ஏற்றுக்கொள்ளும். செலக்ட், ஃப்ரம் போன்ற கட்டளைச் சொற்களைப் படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதுகிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முதல் படி: எது இரட்டை என்று முடிவு செய்வோம்

பலரும் அவசரத்தில் தாண்டிப் போகும் படி இதுதான். குவெரி எழுதுவது இரண்டு நிமிட வேலை. எந்தெந்த விவரங்கள் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பதை முடிவு செய்யத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அண்ணன் முத்து, தம்பி முருகன் இருவரும் தங்கள் மகனுக்கு அப்பாவின் பெயரான கருப்பையாவையே வைத்தால், பட்டியலில் இரண்டு பேருமே மு. கருப்பையா. ஊரும் தெருவும்கூட ஒன்றாகவே இருக்கலாம். இனிஷியலை மட்டும் நம்பினால் அந்த இருவரில் ஒருவரின் பெயர் போய்விடும். அதனால் தந்தை பெயர் முழுதாக இருக்க வேண்டும். பிறந்த தேதியும் வேண்டும்.

முதலில் பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் வைத்துத் தேடுவோம். எக்ஸிகியூட் எஸ்க்யூஎல் பகுதியில் இதைத் தட்டுங்கள்.

செலக்ட் பெயர், தந்தை, கவுண்ட்(*)
ஃப்ரம் வாக்காளர்
குரூப் பை பெயர், தந்தை
ஹேவிங் கவுண்ட்(*) > 1;

குரூப் பை ஒத்த வரிகளை ஒரு கட்டாகக் கட்டுகிறது. கவுண்ட் ஒவ்வொரு கட்டிலும் எத்தனை வரி என்று எண்ணுகிறது. ஒன்றுக்கு மேல் உள்ள கட்டை மட்டும் ஹேவிங் காட்டுகிறது. விடை: முருகேசன் 3, செல்வி 3.

இப்போது குரூப் பை வரியிலும் செலக்ட் வரியிலும் பிறந்த_தேதியைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முருகேசன் 2 ஆகிவிடும், செல்வி 3-லேயே நிற்கும். ஏழாவது வரியில் இருப்பவர் 1979-ல் பிறந்த வேறொருவர். ஒரே ஒரு நெடுவரிசையைச் சேர்த்ததும் அவருடைய ஓட்டு தப்பித்தது.

இரண்டாம் படி: தமிழ் எழுத்தைச் சுத்தம் செய்வோம்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கலாம். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். ஆங்கிலப் பயிற்சி நூல்களில் தேடினால் எளிதில் கிடைக்காது.

கோவிந்தன் என்ற பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம்; ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் லெங்த்(பெயர்) என்று கேட்டால் ஒன்றுக்கு 9 என்றும் மற்றொன்றுக்கு 10 என்றும் விடை வரும். குரூப் பை இரண்டையும் வெவ்வேறு ஆட்களாகவே பிரிக்கும். இதைச் சரிசெய்யும் கட்டளைகள்:

அப்டேட் வாக்காளர் செட் பெயர் = ட்ரிம்(பெயர்);
அப்டேட் வாக்காளர் செட் பெயர் = ரிப்ளேஸ்(பெயர், சார்(3014, 3006), சார்(3018));
அப்டேட் வாக்காளர் செட் பெயர் = ரிப்ளேஸ்(பெயர், சார்(3015, 3006), சார்(3019));

முதல் வரி முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை வெட்டுகிறது. இரண்டாவது ஒகரத்தையும் மூன்றாவது ஓகாரத்தையும் ஒரே குறியீடாக்குகின்றன. தந்தை பெயருக்கும் இதையே செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயற்கூறே இருக்கிறது.

ராமசாமி, இராமசாமி, ராஜா, இராசா, முன்னால் இனிஷியல், பின்னால் இனிஷியல். இவற்றுக்கு ஒரு வரியில் மருந்து இல்லை. பிறந்த தேதியும் தந்தை பெயரும் ஒத்திருக்கும் வரிகளைத் தனியே எடுத்து, ஊர் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்ப்பதுதான் வழி. பழைய கோப்பு வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: தேதியைத் திருப்பிப் போடுவோம்

நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள். எஸ்க்யூலைட்டுக்கு அது வெறும் எழுத்துக்கோவை. இடமிருந்து ஒப்பிட்டுக்கொண்டே போகும். அதன் கணக்கில் 31-01-2019 பெரியது, 05-11-2025 சிறியது. இந்த நிலையில் கடைசிப் பதிவைக் கேட்டால் பழையதைப் புதியது என்று எடுத்துத் தரும். பிழைச் செய்தியும் வராது.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதமும் நாளும் இரண்டு இலக்கங்களாக இருக்கட்டும். பழைய வடிவில் இருப்பவற்றை இப்படித் திருப்பலாம்.

சப்ஸ்டர்(பதிவு_தேதி, 7, 4) || '-' || சப்ஸ்டர்(பதிவு_தேதி, 4, 2) || '-' || சப்ஸ்டர்(பதிவு_தேதி, 1, 2)

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் மறுபடி திறந்து சேமித்தால் தேதியின் வடிவத்தை அதுவே மாற்றிவிடக்கூடும். உள்ளே கொண்டுவந்ததும் பத்து வரிகளையாவது கண்ணால் பாருங்கள்.

நான்காம் படி: கடைசிப் பதிவை எடுப்போம்

பெயர், தந்தை, பிறந்த_தேதி மூன்றையும் குரூப் பை செய்து மேக்ஸ்(பதிவு_தேதி) என்று கேட்டால் ஒவ்வொருவரின் கடைசித் தேதி வந்துவிடும். ஆனால் அந்தத் தேதியில் அவர் எந்த ஊரில் இருந்தார் என்பதுதானே நமக்கு வேண்டும்? ஊரையும் செலக்ட்டில் சேர்த்தால் எஸ்க்யூலைட் சரியான வரியிலிருந்தே எடுத்துத் தரும். போஸ்ட்கிரஸ் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் இன்றைய பதிப்பும் வழக்கமான அமைப்பில் மறுக்கும். எங்கே போனாலும் செல்லுபடியாகும் முறையைக் கற்றுக்கொள்வோம்.

வித் அடுக்கு ஆஸ் (
  செலக்ட் *, ரோ_நம்பர்() ஓவர் (
    பார்ட்டிஷன் பை பெயர், தந்தை, பிறந்த_தேதி
    ஆர்டர் பை பதிவு_தேதி டெஸ்க், எண் டெஸ்க்
  ) ஆஸ் இடம்
  ஃப்ரம் வாக்காளர்
)
செலக்ட் * ஃப்ரம் அடுக்கு வேர் இடம் = 1;

பார்ட்டிஷன் பை ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டுப் போடுகிறது. ஆர்டர் பை அந்தக் கட்டுக்குள் வரிசைப்படுத்துகிறது; டெஸ்க் (திரையில் DESC) புதியதை மேலே வைக்கிறது. ரோ_நம்பர் மேலிருந்து 1, 2, 3 என்று எண் கொடுக்கிறது. 1 வாங்கியவை கடைசிப் பதிவுகள். நம் ஏழு வரிகளில் 2, 5, 6, 7 வர வேண்டும்.

எண் டெஸ்க் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு பதிவு இருந்தால் எது முதலில் வரும் என்பது தற்செயலாகிவிடும். இன்று ஒரு விடையும் நாளை வேறு விடையும் வரலாம். ரோ_நம்பருக்குப் பதில் ரேங்க் போட்டு, ஆர்டர் பையில் தேதியை மட்டும் வைத்தால், ஒரே நாளில் பதிவான இரண்டுமே 1 வாங்கும். சமமாக நிற்பவற்றை நாமே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் அதுவே நல்லது.

கடைசி வரியை இடம் > 1 என்று மாற்றி ஓட்டினால் பழைய பதிவுகள் வரும்: 1, 3, 4. நான்கும் மூன்றும் ஏழு. இந்தக் கூட்டல் ஒவ்வொரு முறையும் சரியாக வர வேண்டும்.

பிழைச் செய்தி வந்தால் செலக்ட் எஸ்க்யூலைட்_வெர்ஷன்(); என்று கேட்டுப் பாருங்கள். ரோ_நம்பர் 2018-ல் வந்த 3.25 பதிப்பிலிருந்துதான் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லிலும் அதே ஆண்டு வந்த 8.0 பதிப்பு வேண்டும்.

இன்னொன்று, எந்தத் தேதி? விண்ணப்பித்த தேதியா, கணினியில் ஏற்றிய தேதியா? பழைய படிவத்தை ஒருவர் நேற்றுதான் தட்டி ஏற்றினார் என்றால், ஏற்றிய தேதியை நம்பினால் பழைய முகவரி வென்றுவிடும்.

எச்சரிக்கை: உடனே அழிக்க வேண்டாம்

பழைய வரிகள் கைக்கு வந்ததும் டெலீட் கொடுக்கக் கை பரபரக்கும். அழுத்தமாகச் சொல்கிறேன்: மனிதர்களின் பெயர் உள்ள எந்தப் பட்டியலிலும் குவெரி சந்தேகத்தை மட்டும்தான் தர வேண்டும், தீர்ப்பை அல்ல.

2025 மார்ச்சில் வெவ்வேறு மாநிலங்களில் ஒரே வாக்காளர் அட்டை எண் இருவருக்கு இருப்பது பெரிய விவாதமானது. எல்லா மாநிலங்களின் தரவும் ஒரே தளத்துக்கு வருவதற்கு முன்பு கையால் எண் கொடுத்த முறையால் நேர்ந்தது அது. எண் ஒன்றானதாலேயே அவை இரட்டை வாக்காளர்கள் ஆகிவிடாது என்று தேர்தல் ஆணையம் விளக்கியது. அட்டை எண்ணை மட்டும் வைத்து யாராவது டெலீட் ஓட்டியிருந்தால் உண்மையான வாக்காளர்கள் காணாமல் போயிருப்பார்கள். அதே சமயம் நம் முருகேசனைப் போல ஒரே ஆளுக்கு இரண்டு எண்களும் இருக்கலாம்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் ஒருவர் ஒரே ஒரு முறைதான் பதிவாகலாம் என்கின்றன. அந்தத் தொகுதியில் இப்போது வசிக்கவில்லை என்று ஒருவர் பெயரை நீக்குவதானால், தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு.

நாமும் அப்படியே செய்வோம். கடைசி வரியை இடம் > 1 என்று வைத்த குவெரிக்கு முன்னால் கிரியேட் டேபிள் சரிபார்க்க ஆஸ் என்று சேர்த்தால், பழைய வரிகள் தனி டேபிளில் போய் உட்காரும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் போனிலோ நேரிலோ கேளுங்கள். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நீக்குங்கள். அதற்கு முன் டேட்டாபேஸ் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். டிபி பிரவுசரில் ரைட் சேஞ்சஸ் அழுத்தும் வரை மாற்றம் நிரந்தரமாகாது. ரிவர்ட் சேஞ்சஸ் கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

மறுபடி வராமல் தடுப்பது எப்படி?

விசாரணை எல்லாம் முடிந்து பட்டியல் சுத்தமான பிறகு இதை ஓட்டுங்கள்.

கிரியேட் யூனிக் இண்டெக்ஸ் ஒருவர்_ஒருமுறை
ஆன் வாக்காளர் (பெயர், தந்தை, பிறந்த_தேதி);

இரட்டை மிச்சமிருந்தால் இது உருவாகவே மறுக்கும். அதுவே நல்ல சோதனை. உருவான பிறகு அதே ஆளை இரண்டாம் முறை சேர்க்கப் போனால் தடுக்கும். அப்போது புது வரி போடாமல், பழைய வரியின் ஊரையும் பதிவு_தேதியையும் அப்டேட் செய்யுங்கள். பட்டியல் உலகத்தில் படிவம் 8 அதுதான். மூன்றும் ஒத்துப்போகும் உண்மையான இரண்டு பேர் என்றாவது வந்தால், தாய் பெயருக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, இண்டெக்ஸை அழித்து, நான்கையும் வைத்துப் புதிதாகப் போடுங்கள்.