சூடான பானமும் சின்னஞ்சிறு தொண்டையும்

முதல் வகுப்புக் குழந்தை ஒன்று ஆற்றாத பாலை அவசரத்தில் ஒரு வாய் விழுங்கிவிடுகிறது. அழுகிறது; சற்று நேரத்தில் அழுகை ஓய்கிறது. உதட்டில் பெரிய காயம் ஏதும் தெரியவில்லை. ‘ஒன்றுமில்லை, போய் உட்கார்’ என்று அனுப்பிவிடலாமா? கூடாது.

சூடான பானம் குரல்வளை மூடியையும் அதைச் சுற்றியுள்ள சவ்வையும் சுட்டுவிடக்கூடும். வீக்கம் உடனே தெரியாமல், சில மணி நேரத்தில் மெல்ல வளரலாம். காலையில் நடந்ததன் விளைவு, குழந்தை வீடு திரும்பிய பிறகும் வெளிப்படலாம்.

குழந்தைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

வட்டத்தின் பரப்பளவுப் பாடமே இதற்கு விடை தரும். 8 மி.மீ. விட்டமுள்ள குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால், பாதிக்கு மேல் வழி எஞ்சியிருக்கும். 4 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அதே வீக்கம் ஏற்பட்டால், கால் பங்கு வழியே மிஞ்சும். குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது. அதனால் சிறு வீக்கமும் பெரும் தடையாகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• விழுங்க மறுத்தல், எச்சில் வடிதல்
• குரல் கம்முதல் அல்லது மாறுதல்
• மூச்சை இழுக்கும்போது ஒலி எழுதல்
• முன்புறம் சாய்ந்தே உட்கார்ந்திருத்தல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கக் கூடாது. குழந்தையைப் படுக்க வைக்காமல், அதற்கு வசதியான நிலையில் உட்கார விடுங்கள். கரண்டியால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்க முயலாதீர்கள்.

விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமில்லை என்றால், குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அறிகுறி இல்லாவிட்டாலும் பெற்றோருக்கு உடனே தெரிவித்து, அன்றே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

வருமுன் காப்போம்

பாலோ கஞ்சியோ, ஆற்றி, வெதுவெதுப்பானது உறுதியான பிறகே குழந்தையின் கைக்குத் தர வேண்டும். காலை உணவு, மதிய உணவு நேரங்களில் கொதிக்கும் பாத்திரங்கள் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நமது தேநீர்க் குவளையும் வகுப்பறை மேசைக்கு வர வேண்டாம்.

ஆற்றிக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். பள்ளியிலும் அதைத் தவறாமல் கடைப்பிடிப்போம்.