எச்.டி. திரையில் மங்கல் படம்

கேள்வி: எச்.டி. தொலைக்காட்சியில் கேபிள் சேனல்கள் மங்கலாகத் தெரிவது ஏன்? குற்றாலச் சாரலின் ஈரம் காரணமா? (வாசகர், தென்காசி)

பதில்: மங்கலுக்கும் சாரலுக்கும் தொடர்பில்லை. முழு எச்.டி. எனப்படும் மிகுதெளிவுத் திரையில் 1080 கிடைக்கோடுகளும், கோடு ஒன்றுக்கு 1920 படப்புள்ளிகளும் உண்டு. இந்தியாவின் சாதாரண ஒளிபரப்பிலோ 576 கோடுகளே வருவதால், இல்லாத கோடுகளைத் திரை ஊகித்து நிரப்ப, செய்தி எழுத்துகளின் விளிம்பும் ஓடும் கிரிக்கெட் பந்தும் கலங்கிவிடுகின்றன. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் கண்ணுக்குப் படாத இக்குறை, 43 அங்குலத் திரையில் ஒளிய இடமின்றி வெளிப்படுகிறது. எச்.டி. செட்டாப் பாக்ஸ், எச்.டி. சேனல்களுக்கான சந்தா, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏ.வி. கேபிளுக்கு மாற்றாக எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி, திரைக்குக் கொடுத்த விலை பெரும்பாலும் வீணே. மூன்றாவதை மறப்பவர்களே மிகுதி.

ஈரம் வேறு சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இவ்வட்டாரத்தை நனைத்து வைப்பதால், ஓதம் ஏறும் புறச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில், பின்புறம் காற்றோட இடம்விட்டுத் தொலைக்காட்சியை மாட்டுவதும், நாள்தோறும் சிறிது நேரம் ஓட விடுவதும் நல்லது. உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தைப் படிய விடாது. இடிமின்னல் தொடங்கும் முன்பே மின்செருகியோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும்; அதன் வழியாகவும் மின்னலின் மிகை அழுத்தம் பாய்ந்து உள்ளிருக்கும் போர்டை எரித்துவிடக்கூடும்.