வயிற்றில் தடவும் ஜெல் எதற்கு?

கேள்வி: என் மருமகள் நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் சில்லென்று ஒரு ஜெல் தடவினார்கள். கதிர்வீச்சு குழந்தையைத் தாக்காமல் தடுக்கத்தான் அது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எக்ஸ்ரே அறையில் ஈய அங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் ஸ்கேன் அறையில் ஏன் மாட்டுவதில்லை? அடுத்த ஸ்கேனுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தேனி

பதில்: தைரியமாக அனுப்புங்கள் அம்மா. அந்த ஜெல் எதையும் தடுக்கத் தடவுவதில்லை, உள்ளே விடத்தான் தடவுகிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் எக்ஸ் கதிர் கிடையாது. போய்வருவது ஒலி. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எட்டும். வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் 20 லட்சம் முதல் 50 லட்சம் வரை. தோலின் மேல் வைத்து நகர்த்தும் 'புரோப்' அந்த ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். சதையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமானது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது கருவி.

இந்த ஒலிக்குப் பெரிய சுவர் எது தெரியுமா? காற்று. கிணற்றுக்குள் முங்கியிருப்பவருக்கு மேலே நின்று கூப்பிடுவது சரியாகக் கேட்பதில்லை அல்லவா? காற்றும் நீரும் சந்திக்கும் இடத்திலேயே ஒலியின் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் திரும்பிவிடுகிறது. நம் சதையும் ஒலியைப் பொறுத்தவரை ஏறக்குறைய நீர்தான். புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால் போதும், திரையில் ஒன்றும் தெரியாது. அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல். ஆரம்ப மாதங்களில் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரச் சொல்வதும் இதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை, வாயு தங்கிய குடலை ஒதுக்கி, கருப்பைக்கு ஒலி போக நீர்வழி அமைத்துத் தருகிறது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் படத்தின் தெளிவே அதில் இருக்கிறது.

எக்ஸ்ரே முற்றிலும் வேறு. அது ஒளியின் இனம், ஆற்றல் மிகுந்த மின்காந்த அலை. காற்று அதற்குத் தடையே இல்லை. காற்று நிறைந்த நுரையீரலை ஒலியால் ஊடுருவ முடியாது. எக்ஸ் கதிர் சுலபமாகக் கடந்துவிடும். அதை மறிப்பவை கனமான அணுக்கள். சதையில் மிகுந்திருக்கும் ஆக்சிஜனின் அணு எண் 8, எலும்பிலுள்ள கால்சியத்துக்கு 20, ஈயத்துக்கு 82. 1895 டிசம்பரில், எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படமெடுத்தபோது சதை மங்கி, எலும்புகளும் விரலிலிருந்த மோதிரமும் அழுத்தமாக விழுந்தது இதனால்தான். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து, மரபணுவைச் சேதப்படுத்த வல்லது. அதற்குத்தான் ஈய அங்கி. ஸ்கேனில் போகும் ஒலி அப்படிச் செய்வதில்லை.

உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கிய கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்ட், கருவிலிருக்கும் சிசுவின் ஒலிப் படங்களை 1958-இல் வெளியிட்டார். அன்று முதல் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. ஒலி சதையைச் சற்றே சூடாக்கும் என்பதால், மருத்துவர் தேவை என்று சொல்லும்போது மட்டும் எடுத்தால் போதும். ஆசைக்காக எடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மருமகளிடம் சொல்லிவையுங்கள். சிடி ஸ்கேன் என்பது எக்ஸ் கதிரால் எடுப்பது. வேறு ஏதாவது உபாதைக்கு அதையோ எக்ஸ்ரேயோ எடுக்கச் சொன்னால், முழுகாமல் இருப்பதை அங்கே முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.