பள்ளி முடிந்த பின் பாதை எங்கே?



ஒரு பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறதென்றால், எங்கள் வீடுகளில் தாய் தகப்பன் மட்டுமல்ல, பேரனும் பேத்தியும் கூட நித்திரை விழித்திருப்பார்கள். ஆனால் அதே வீட்டில் காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தால், “இதுக்கு ஏன் பெரிய படிப்பு? கையெழுத்துப் போடத் தெரிஞ்சால் காணும்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கும் புலமைப்பரிசில் உரியதா? உரியதென்றால், அது எப்படிப்பட்டதாய் இருக்க வேண்டும்? இவற்றையே இவ்வாரம் சிந்திப்போம்.

திருக்குறளில் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் உண்டு. எமது முன்னோர் அறிவு செவிவழியாக வருவதென்றே எண்ணினார்கள். ஆகவே செவி அடைபட்டால் அறிவும் அடைபட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. அடைபட்டது ஒரு வழியே. கண் வழி திறந்திருக்கிறது. கை வழி திறந்திருக்கிறது. அந்த வழிகளால் மொழி பிள்ளையைச் சேர வேண்டும். அதுவும் காலந்தாழ்த்தாமல் சேர வேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது இன்று மருத்துவ உலகம் வகுத்துள்ள கணக்கு.

“உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம்தானே?” என்று கேட்பீர்கள். கண்ணாடி முன் நின்று, சத்தம் போடாமல், ‘பணம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘மணம்’ என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதும் வித்தியாசம் தெரிகிறதா? ‘படம்’, ‘மடம்’ என்பவையும் அப்படியே. வகுப்பில் முன் வாங்கில் இருந்து ஆசிரியரின் வாயையே பார்த்திருக்கும் பிள்ளை, பாதியைக் கண்டு மீதியை ஊகிக்கிறது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அந்தப் பாதியும் போய்விடுகிறது. இப்படி ஒரு நாள் முழுவதும் ஊகித்துக் களைத்த பிள்ளையையா நாம் ‘மந்தம்’ என்கிறோம்?

எமது நாட்டில் இப்பணி புதிதன்று. 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிவைத்த பாடசாலை இன்று இரத்மலானையில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டில் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. செவிப்புலனோ கட்புலனோ குறைந்த பிள்ளைகள் தமிழிலே கற்பதற்கு இடம் கிடைத்தது. ஆனால் பாடசாலை முடிகிற அன்று, வாசலில் நின்று “இனி எங்கே?” என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

பதில் இல்லாமல் இல்லை. அரசாங்க வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் உடற்குறைபாடு உடையோருக்கு என்று 1988ஆம் ஆண்டில் சுற்றுநிருபம் வெளிவந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்திலோ வேலையிலோ ஒருவரைப் புறக்கணிப்பதைத் தடுக்கிறது. பல்கலைக்கழகம் புகுவோருக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மகாபொல நிதி இருக்கிறது. தொழில் பழக விரும்புவோருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. உரிமை கடதாசியில் உள்ளது. அதைக் கேட்டு வாங்குவோர்தாம் குறைவு.

ஆகவே பெற்றோரே, இவற்றைச் செய்யுங்கள்:

1. புதிதாக எடுத்த செவிப்புலன் பரிசோதனை அறிக்கை, வைத்தியரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அதிபரின் கடிதம், கிராம அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்திருங்கள். கடைசி நாளில் ஓடித் திரியாதீர்கள்.

2. க.பொ.த. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே, பிள்ளைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகை வேண்டுமென்று அதிபர் மூலம் எழுதிக் கேளுங்கள்.

3. உயர்தரம் சித்தியெய்தினால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைநூலை வாங்கி, விசேட அனுமதி பற்றிய பகுதியை ஊன்றி வாசியுங்கள்.

4. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

புலமைப்பரிசில் கொடுக்க முன்வரும் பழைய மாணவர் சங்கங்களுக்கும், வெளிநாட்டிலுள்ள உறவினர்க்கும் ஒரு வார்த்தை. ஒருமுறை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, கடித உறை ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது புலமைப்பரிசில் ஆகாது. கற்கை முடியும்வரை மாதந்தோறும் வருவதே புலமைப்பரிசில். காதில் மாட்டும் கருவிக்குப் பற்றறி வேண்டும். பிள்ளை வளர வளரக் காது அச்சை மாற்ற வேண்டும். பஸ் செலவு உண்டு. விரிவுரை மண்டபத்தில் சைகைமொழியில் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். இவற்றையும் கணக்கில் சேர்த்தாலன்றி, கொடுத்த பணம் பாதி வழியில் நின்றுவிடும்.

இன்னொரு புலமைப்பரிசிலும் தேவை. அது காது கேட்கும் பிள்ளைகளுக்கானது! களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானம் நான்கு ஆண்டுப் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. இந்தியாவில் 1965ஆம் ஆண்டிலே மைசூரில் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்று இரண்டு வாசல்களில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ல, ள, ழ என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழக்குவதற்குத் தமிழ் பேசுகிறவரே வேண்டும். தாய் பேசும் மொழியிலேதான் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். இத்துறைக்குப் போகும் வறிய மாணவர் ஒருவரைத் தாங்கினால், அவர் திரும்பி வந்து எத்தனையோ பிள்ளைகளைத் தாங்குவார்.

கத்தோலிக்க எழுத்தாளரின் பாதுகாவலராகிய புனித பிரான்சிஸ் சலேசியார், காது கேளாதோரின் பாதுகாவலரும் ஆவார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மார்ட்டின் என்னும் காது கேளாத இளைஞனுக்கு அவர் சைகையாலே ஞான உபதேசம் கற்பித்தார். இளைஞனின் காது திறக்கட்டும் என்று ஆயர் காத்திருக்கவில்லை; தாம் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்.

நாமும் மாறுவோம். ‘செவிடு’, ‘ஊமை’ என்ற சொற்களை இன்றே வீட்டில் கைவிடுவோம். உங்கள் ஒழுங்கையில், உங்கள் பங்கில், பாடசாலையை விட்டு வீட்டில் இருக்கும் அப்படியான பிள்ளை யாரென்று விசாரியுங்கள். அந்த வீட்டுக்கு இந்த ஞாயிறு போய், கோவை ஆயத்தமா என்று கேளுங்கள். இல்லையென்றால், கூட இருந்து ஆயத்தம் செய்து கொடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவரின் அரைநாளும் அந்தப் பிள்ளைக்கு ஒரு புலமைப்பரிசில்தான்.