வில்லா, கையா?

எட்டயபுரம் பக்கம் வில்வித்தை பழகும் பிள்ளைகளே, அம்பு தவறியதும் வில்லைக் குறை சொல்லாதீர்கள். கரிசல் வெளியில் ஆடிக் காற்று அம்பைத் தள்ளிவிடும். காற்று தணிந்த காலையில் ஆறு அம்பு எய்து பாருங்கள். ஆறும் நெருக்கமாக விழுந்து மையத்துக்கு இடப்பக்கம் தள்ளியிருந்தால், வில்லில் குறிபார்க்க உதவும் சைட்டையும் இடப்பக்கமே சிறிது நகர்த்துங்கள். சிதறி விழுந்தால் கோளாறு பெரும்பாலும் கையில்தான்: நாணை இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையில் ஒரே இடத்தைத் தொடுகிறதா? வில்லை இறுக்கிப் பிடிக்கிறீர்களா?

நாண் பிரிந்திருக்கிறதா, கார்பன் அம்பில் விரிசல் உண்டா என்பதை மட்டும் தினமும் பாருங்கள். விரிசல் விட்ட அம்பு உடைந்து, எய்பவர் கையையே கிழித்துவிடலாம்.

இலக்கு அட்டையாகவே இருக்கட்டும். வல்லநாட்டு வெளிமானையோ வேறு எந்த மானையோ வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.