படத்திற்கும் உரை வேண்டும்

நூலுக்கு உரை வகுத்தல் நம் முன்னோர் கண்ட நெறி. செய்யுள் அழியாது நிற்பினும், உரை இன்றேல் அதன் பொருள் பலர்க்கு எட்டுவதில்லை. பழைய ஒளிப்படமும் சலனப்படமும் அத்தகையனவே. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இன்று ஏடுகளோடு ஒளிப்படம், ஒலிப்பதிவு, காணொளி என்பவற்றையும் பேணி வருகின்றது. ஆயினும், படத்தைச் சேமித்தல் பாதிப் பணியே. அதற்குக் குறிப்பெழுதுதல் மறுபாதி.

அக்குறிப்பை மூன்றாக வகுத்தெழுதுதல் நன்று. கண்ணுக்குப் புலனாவதை மட்டும் கூறுவது பதவுரை. யார், எங்கே, எப்போது எனத் திரட்டிச் சொல்வது பொழிப்புரை. அதனைக் கூறியவர் பெயரும் அங்கே இடம்பெறல் வேண்டும். நாம் ஊகித்து அறிவது விசேடவுரை. இம்மூன்றையும் கலத்தல் ஆகாது.

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் படம் ஒன்றைக் கொள்வோம். நிலையத்தின் அடியிலே புகைவண்டி சுரங்கத்தினுட் புகுகின்றது. இது பதவுரை. மேலொன்றும் கீழொன்றுமாக இரு பாதைகள் உள்ளன என்று புதியவர் ஊகிப்பர். அது பிழை. ஒரே பாதைதான் மலையை வளைந்து சுற்றி, அந்நிலையத்தின் கீழேயே செல்கின்றது. ஊரறிந்தவர் எழுதாவிடின் ஊகமே உண்மையென நிலைத்துவிடும்.

சலனப்படத்திற்கு நிமிடமும் விநாடியும் குறித்து, காட்சியை வேறாகவும் ஒலியை வேறாகவும் எழுதுதல் வேண்டும். 1934இல் பசில் ரைட் உருவாக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலைப் பிரசாரத்தின் பொருட்டு எடுக்கப்பட்டது. அதன் மூன்றாம் பகுதியிலே உழைப்போரின் காட்சிமீது வணிகத்தின் குரல்கள் ஒலிக்கின்றன. இரண்டையும் பிரித்தெழுதினாலன்றி, உழைப்பவர் அங்கே பேசவில்லை என்பது புலப்படாது.

1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன், உழைக்கும் எளியோரையும் படமெடுத்தார். எடுத்தவர் பெயரை உலகம் அறியும்; படத்தில் நிற்போர் பலரின் பெயரை அறியாது. நம் வீட்டு அல்பங்களுக்கும் அக்குறை நேரலாமா? கொழுந்துக் கூடையோடு நிற்கும் பாட்டி வெறும் ‘தோட்டத்துப் பெண்’ அல்லர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. அதனை அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பழைய மாணவ அன்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊர் வரும்போது அல்பத்தைத் திறந்து, பெரியோர் அருகிலமர்ந்து, ஒவ்வொரு முகமாகக் கேட்டெழுதுங்கள். கல்லூரி நமக்குக் கற்பித்த எழுத்து அதற்கும் பயன்படுவதாக.